'ஏற்க மறுக்கிறார்கள்' என்று எழுத வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். போன ஞாயிறு இதழில் போரில் காணாமல் போனவர்களைப் பற்றி அரைப் பக்கக் கட்டுரை ஒன்று வந்திருந்தது. அக்கறையோடுதான் எழுதியிருந்தார்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் நடுவில் ஒரு வரி: "ஆண்டுகள் பல ஆகியும் குடும்பத்தினர் உண்மையை ஏற்க மறுக்கிறார்கள்." அதோடு பேப்பரை மடித்து வைத்துவிட்டேன். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை, எழுதுகிறேன்.

எந்த உண்மையை ஏற்க மறுக்கிறார்கள்? அதை யார் கொண்டுவந்து அவர்கள் கையில் கொடுத்தார்கள்?

போரில் சிதறிப்போன குடும்பங்களுக்கு, ஆளைத் தேடித் தரும்படி கேட்கும் விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுக்கும் மேசையில் நான் சில ஆண்டுகள் தன்னார்வலனாக உட்கார்ந்திருந்தேன். எந்த ஊர், எந்தப் போர் என்று எழுத மாட்டேன். வந்தவர்களைப் பற்றிய எதுவும் வெளியே போகாது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவன் நான், அது இன்றைக்கும் என்னைக் கட்டும். அங்கே கேட்டது, பார்த்தது, அதற்காகப் படித்துத் தெரிந்துகொண்டது, இவற்றை வைத்துத்தான் எழுதுகிறேன்.

அந்த விண்ணப்பத்தில் பெயர், அப்பா பெயர், அம்மா பெயர், பிறந்த இடம், கடைசியாக யார் எங்கே பார்த்தார்கள் என்று ஆரம்பிக்கும். அதற்குப் பிறகு வருகிற கேள்விகள்தான் கஷ்டம். எப்போதாவது எலும்பு முறிந்ததா, எந்தக் கை? தழும்பு எங்கே? பல் எப்படி? ஒரு அம்மா வந்தார். மகனைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார், ஒரு இடத்தில்கூட 'இருந்தான்' என்று சொல்லவில்லை, எல்லாமே 'இருக்கிறான்', 'சாப்பிட மாட்டான்', 'கோபம் வந்தால் பேச மாட்டான்'. பல்லைப் பற்றிக் கேட்டதும் பதில் சொல்லாமல் தன் மேலுதட்டை விரலால் தூக்கிக் காட்டினார். முன்பல் ஒன்று பக்கத்துப் பல்லின்மேல் ஏறி நின்றது. "இதேதான் தம்பி, அப்படியே என் பல்லு" என்றார். நான் அதை எழுதிக்கொண்டேன். அப்புறம், கிடைக்கும் உடல்களோடு ஒப்பிட்டுப் பார்க்க உதவும் ரத்த மாதிரிக்கான அட்டையை எடுத்தேன். விரல் நுனியில் ஒரு குத்து, அட்டையில் சில சொட்டு, அவ்வளவுதான். அவர் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "இதைக் கொடுத்தால் நானே அவனைச் செத்தவங்க கணக்கில் சேர்த்த மாதிரி ஆகாதா?"

ஆசிரியர் அவர்களே, இதைத்தான் உங்கள் கட்டுரை 'மறுப்பு' என்கிறது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவரிடம் இரண்டு கதவுகளைக் காட்டிவிட்டு, ஒன்றைத் திறந்தால் இன்னொன்று மூடிக்கொள்ளும் என்று யாரோ நம்பவைத்திருக்கிறார்கள். உயிரோடு இருப்பவரைத் தேடுவது ஒரு தேடல், இறந்தவர்களுக்குள் தேடுவது இன்னொரு தேடல், இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கலாம், நடக்கவும் வேண்டும், ஒன்றுக்குச் சம்மதித்தால் மற்றதைக் கைவிட்டதாக ஆகாது. இதை அந்த அம்மாவுக்கு விளங்க வைக்க எனக்கு நான்கு சந்திப்புகள் ஆயின. அவரைக் குறை சொல்ல மாட்டேன். அதற்கு முன்னால் அவர் சந்தித்த எவரும் இதை அவருக்குச் சொல்லவில்லை.

முதலில் உயிரோடு இருப்பவரைத் தேடுவதைச் சொல்கிறேன். போரில் ஆள் காணாமல் போவதை நாம் ஏதோ புயலில் படகு மறைவது மாதிரி நினைக்கிறோம். பெரும்பாலும் அப்படியில்லை. எங்கோ ஒரு காகிதம் எழுதப்படவில்லை, அல்லது எழுதிய காகிதம் அடுத்த கைக்குப் போய்ச் சேரவில்லை. 1949 ஜெனீவா உடன்படிக்கைகள் இந்தக் காகிதத்தைப் பற்றி வரிவரியாகச் சொல்கின்றன. போர்க் கைதி முகாமுக்கு வந்து சேர்ந்த ஒரு வாரத்துக்குள் தன் குடும்பத்துக்கும், கைதிகளைப் பற்றிய விவரம் சேர்க்கும் மைய அமைப்புக்கும் ஒரு அட்டை எழுத அவருக்கு வழி செய்து கொடுக்க வேண்டும். இறந்த வீரரின் கழுத்தில் இருக்கும் அடையாளத் தகடு இரட்டைத் தகடாக இருந்தால் ஒரு பாதி உடலோடு இருக்க வேண்டும், மறு பாதி போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போக வேண்டும். முடிந்தவரை தனித்தனியாக அடக்கம் செய்ய வேண்டும், கல்லறையில் குறி வைக்க வேண்டும், எதிரியின் ஆளாக இருந்தாலும். 1977-ல் அந்த உடன்படிக்கைகளோடு சேர்க்கப்பட்ட முதலாவது கூடுதல் நெறிமுறையின் 32-வது பிரிவு, உறவினருக்கு என்ன ஆனது என்று தெரிந்துகொள்ளும் உரிமை குடும்பங்களுக்கு உண்டு என்றே சொல்கிறது. அடுத்த பிரிவு, எதிர்த்தரப்பு 'காணவில்லை' என்று சொல்லும் ஆட்களை, நிலைமை இடங்கொடுத்த உடனே, மிகத் தாமதமானாலும் சண்டை ஓய்ந்ததிலிருந்தாவது, தேட வேண்டும் என்கிறது. இது நாடுகளுக்கு நடுவில் நடக்கும் போருக்கான சட்டம். ஆனால் உள்நாட்டுப் போர் என்றாலும் குடும்பத்துக்குத் தெரியப்படுத்தும் கடமை உண்டு என்றுதான் சர்வதேச செஞ்சிலுவைக் குழு வழக்காற்றுச் சட்டமாக, அதாவது நாடுகள் காலங்காலமாகப் பின்பற்றுவதால் கட்டுப்படுத்தும் சட்டமாக, தொகுத்து வைத்திருக்கிறது. ஆக, தேடுகிற தாய் சட்டம் தனக்குக் கொடுத்த ஒன்றைத்தான் கேட்டு நிற்கிறார். மறுக்கிறவர்கள் அந்தப் பக்கம், பதிவேட்டைப் பூட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

காகிதம் ஒழுங்காக எழுதப்பட்டால் என்ன நடக்கும் என்பதற்கு 1914 ஜெனீவாவைப் பார்த்தால் போதும். முதல் உலகப் போர் மூண்ட கையோடு சர்வதேச செஞ்சிலுவைக் குழு அங்கே கைதிகளுக்கான நிலையம் ஒன்றைத் திறந்தது. கணினி இல்லாத காலம். தன்னார்வலர்கள் கையால் எழுதிச் சேர்த்த அட்டைகள் கிட்டத்தட்ட 70 லட்சம். குடும்பம் அனுப்பிய விசாரணை ஒரு அட்டை, முகாமிலிருந்து வந்த பட்டியலில் உள்ள பெயர் இன்னொரு அட்டை, இரண்டும் ஒரே பெட்டிக்குள் பக்கத்தில் வந்து விழுந்தால் ஒரு வீட்டுக்குக் கடிதம் போகும். ஒரே பெயரில் ஆயிரம் பேர் இருப்பார்கள், அதனால்தான் அப்பா பெயரும் பிறந்த இடமும் படைப்பிரிவும். அதே வேலைதான் இன்றும் மையத் தேடல் முகமை என்ற பெயரில் நடக்கிறது. 2022 மார்ச்சில் ரஷ்ய-உக்ரைன் போருக்கென்றே தனியாக ஒரு பிரிவு திறந்தார்கள். உலகம் முழுக்க இந்தச் செஞ்சிலுவை, செம்பிறைத் தேடல் வலையமைப்பில் காணவில்லை என்று பதிவானவர்கள் 2024 முடிவில் சுமார் 2,84,000 பேர். 2019-ல் இருந்ததைவிடக் கிட்டத்தட்ட 70 விழுக்காடு கூடுதல். பதிவு செய்ய வழி தெரிந்தவர்கள் மட்டுமே அந்தக் கணக்கில் இருக்கிறார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

அந்த்ராஸ் தோமா என்ற ஹங்கேரியரைப் பற்றி உங்கள் நிருபர் கேள்விப்பட்டிருக்கிறாரா தெரியவில்லை. இரண்டாம் உலகப் போரின் கடைசிக் கட்டத்தில் சோவியத் படையிடம் பிடிபட்டார். 1947-ல் கொத்தெல்னிச் என்ற ஊரின் மனநல மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். அவர் பேசியது அங்கே யாருக்கும் புரியவில்லை, புத்தி பேதலித்தவரின் உளறல் என்று எடுத்துக்கொண்டார்கள். அவர் பேசியது அவருடைய தாய்மொழி. 1954-ல் ஹங்கேரியில் அவர் இறந்துவிட்டதாக அறிவித்தாயிற்று. அது ஹங்கேரிய மொழி என்று ஒருவருக்குப் பிடிபடவே அரை நூற்றாண்டு ஆயிற்று. 2000 ஆகஸ்டில் ஊர் திரும்பினார், உடன்பிறப்புகளின் டி.என்.ஏ.-வை ஒப்பிட்டுத்தான் அவர் யார் என்று உறுதி செய்தார்கள். இப்படி எல்லாருக்கும் நடக்கும் என்று நான் எந்தக் குடும்பத்திடமும் சொன்னதில்லை, சொல்வது பாவம். பல்லாயிரத்தில் ஒன்று இது. ஆனால் ஒருவரை உயிரோடு வைத்துக்கொண்டே அவர் வீட்டுக்கு மரணச் செய்தி அனுப்பிவிட முடியும் என்பதற்கு இது சாட்சி. அந்த வீட்டில் யாராவது 'நம்ப மாட்டேன்' என்று சொல்லியிருந்தால், அவர்களைப் பற்றியும் 'ஏற்க மறுக்கிறார்கள்' என்றுதான் எழுதியிருப்போம்.

சரி, இறந்தவர்களுக்குள் தேடுவதற்கு வருகிறேன். பெரும்பாலான குடும்பங்களுக்குப் பதில் இங்கேதான் கிடைக்கிறது, அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் அந்தப் பதிலைத் தேடி எடுக்க வேண்டும், யூகித்துச் சொல்லக்கூடாது.

1995 ஜூலையில் போஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிட்சாவில் சுமார் 8,000 ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டார்கள். புதைத்தவர்கள் சில மாதத்தில் திரும்பி வந்து, குற்றத்தை மறைக்க, பொக்லைன் மாதிரி எந்திரங்களை வைத்துத் தோண்டி, வேறு வேறு இடங்களில் கொண்டுபோய்க் கொட்டினார்கள். ஒரே மனிதரின் எலும்புகள் நாலைந்து குழிகளில் கிடந்தன. உடையைப் பார்த்து, பையில் இருந்த சாவியைப் பார்த்து அடையாளம் சொல்வதெல்லாம் அங்கே எடுபடவில்லை. உடையை நம்புவதில் வேறொரு ஆபத்தும் இருக்கிறது, ஓடுகிற கூட்டத்தில் ஒருவர் சட்டையை இன்னொருவர் போட்டுக்கொண்டிருப்பார். எங்கள் மேசைக்கு வந்த ஒரு பெரியவர் இதை எனக்குச் சொன்னார், தம்பிக்குக் குளிருகிறது என்று தன் சட்டையைக் கழற்றிக் கொடுத்தது அவர்தான், அந்தச் சட்டையோடு ஒரு உடல் கிடைத்தால் அதைத் தம்பி என்று எழுதாமல் என் பெயரைத்தானே எழுதுவார்கள் என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

1996-ல் தொடங்கிய காணாமல் போனோருக்கான சர்வதேச ஆணையம் இந்த முடிச்சை வேறு பக்கமிருந்து அவிழ்த்தது. உறவினர்களிடம் ரத்தம் சேகரித்தார்கள், ஒவ்வொரு எலும்பிலிருந்தும் டி.என்.ஏ. எடுத்தார்கள், இரண்டு பட்டியலையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டார்கள். போஸ்னியாவும் சேர்ந்திருந்த பழைய யூகோஸ்லாவியாவின் போர்களில் காணாமல் போன சுமார் 40,000 பேரில் 70 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவர்களுக்கு என்ன ஆனது என்று இன்று தெரியும். இதில் என் மனதில் நின்றது ஒன்று. ஒருவரின் சில எலும்புகள் மட்டும் கிடைத்த நிலையில் குடும்பத்துக்குச் சொல்லிவிட்டு, இப்போதே அடக்கம் செய்கிறீர்களா, மிச்சம் கிடைக்கும் வரை காத்திருக்கிறீர்களா, பின்னால் இன்னும் கிடைத்தால் உங்களுக்குச் சொல்லட்டுமா என்று கேட்பார்கள். முடிவு குடும்பத்துடையது. மரணத்தைச் சொல்லும்போதுகூட மரியாதையோடு சொல்லலாம் என்று நான் அங்கிருந்துதான் தெரிந்துகொண்டேன்.

ஒரே ஒரு உறவினரின் ரத்தம் பல நேரம் போதாது. அப்பா, அம்மா, பிள்ளைகள், கூடப்பிறந்தவர்கள் என்று எத்தனை பேர் கொடுக்கிறார்களோ அந்த அளவுக்கு முடிவு உறுதியாகும். பெற்றோருக்கு வயதாகிக்கொண்டே போகிறது. தேடலில் காலம் என்பது இதுதான்: எலும்பு நூறு ஆண்டு மண்ணுக்குள் காத்திருக்கும், அதை அடையாளம் சொல்லக்கூடிய தாய் காத்திருக்க மாட்டார். 1982-ல் பிரிட்டனோடு நடந்த ஃபாக்லாந்து தீவுப் போரில் இறந்த அர்ஜென்டினா வீரர்கள் பலர் அங்கே டார்வின் என்ற ஊரின் கல்லறைத் தோட்டத்தில் 'கடவுளுக்கு மட்டுமே தெரிந்த அர்ஜென்டினா வீரன்' என்ற கல்லுக்கடியில் கிடந்தார்கள். இரண்டு அரசுகளும் ஒத்துக்கொண்டு, குடும்பங்களின் சம்மதத்தோடு, செஞ்சிலுவைக் குழுவின் நிபுணர்கள் 2017-ல் அப்படிப்பட்ட 121 கல்லறைகளைத் திறந்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட கற்களில் இப்போது பெயர் இருக்கிறது. முப்பத்தைந்து ஆண்டு ஆனதால் முடியாது என்று அவர்கள் விட்டுவிடவில்லை. ஆனால் அந்த முப்பத்தைந்து ஆண்டில் எத்தனை அம்மாக்கள் போய்ச் சேர்ந்திருப்பார்கள்.

இப்போது உங்கள் கட்டுரை தொடாத, என்னைப் பொறுத்தவரை மிகக் கொடுமையான பகுதிக்கு வருகிறேன். ஒரு பெண், கைக்குழந்தையோடு ஓடி வந்தவர், கணவரின் பெயரில் இருந்த கணக்கில் உள்ள பணத்தை எடுக்க ஒரு அலுவலகத்துக்குப் போனார். மரணச் சான்றிதழ் கேட்டார்கள். இறந்தாரா என்று எனக்குத் தெரியாதே என்றார். "இறந்துட்டார்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடுங்கம்மா, மத்ததை நாங்க பார்த்துக்கிறோம்" என்றார்கள். சொன்னவர் உதவி செய்வதாகத்தான் நினைத்திருப்பார். அந்தப் பெண் பேனாவை வாங்கி, வைத்துவிட்டு, வெளியே வந்துவிட்டார். பணமும் இல்லை. மறுநாள் என்னிடம் கேட்டார், நான் கையெழுத்துப் போட்டால் உங்கள் கோப்பை மூடிவிடுவீர்களா என்று. நாங்கள் மூட மாட்டோம் என்றேன். எல்லா இடத்திலும் அப்படி இல்லை, சான்றிதழ் வந்ததும் விசாரணையை முடித்துக்கொண்ட இடங்களையும் கேள்விப்பட்டிருக்கிறேன், அதனால் அவர் பயந்ததில் தப்பே இல்லை.

சட்டம் இதற்கு வழி கண்டுபிடித்திருக்கிறது. பல நாடுகளில் ஏழு ஆண்டு செய்தி இல்லை என்றால் இறந்ததாகக் கொள்ளலாம் என்ற பழைய ஏற்பாடுதான் இருக்கிறது, ஆனால் அது மனைவியின் வாயால் மரணத்தைச் சொல்ல வைக்கிறது. அர்ஜென்டினா 1994-ல் வேறொரு சட்டம் கொண்டுவந்தது, வலுக்கட்டாயமாகக் காணாமல் ஆக்கப்பட்டவரை இறந்தவர் என்று சொல்லாமல் 'காணாமல் ஆக்கப்பட்டதால் இல்லாதவர்' என்று அறிவிக்கலாம், சொத்து, திருமணம் சார்ந்த காரியங்களைக் குடும்பம் நடத்திக்கொள்ளலாம். இலங்கையும் 2016-ல் சட்டத்தைத் திருத்தி, மரணச் சான்றிதழுக்குப் பதிலாக, இவர் காணப்படவில்லை என்று மட்டும் சொல்லும் சான்றிதழைக் கொண்டுவந்தது. அங்குள்ள குடும்பங்கள் பல அதிலும் திருப்தி அடையவில்லை, சான்றிதழைக் கொடுத்துவிட்டுத் தேடாமல் இருந்துவிடுவார்கள் என்ற சந்தேகம்தான் காரணம், அந்தச் சந்தேகத்துக்குக் காரணமும் இருக்கிறது. ஆனாலும் அந்தக் காகிதத்தில் பொய் எதுவும் இல்லை. ஒரு மனைவி மனசாட்சியை விற்காமல் அதை வாங்க முடியும்.

பாலின் பாஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970-களில் வியட்நாம் போரில் காணாமல் போன விமானிகளின் குடும்பங்களோடு பேசி, இந்த நிலைக்குத் 'தெளிவற்ற இழப்பு' என்று பெயர் வைத்தார். அவர் சொன்னதில் எனக்கு முக்கியமாகப் பட்டது, கோளாறு அந்த மனிதர்களின் மனதில் இல்லை, அவர்கள் சிக்கியிருக்கும் சூழ்நிலையில் இருக்கிறது என்பது. அவர் இருக்கிறார், அவர் இல்லை, இரண்டையும் ஒரே நெஞ்சில் வைத்துக்கொண்டு காலையில் எழுந்து பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புகிறார்கள். அப்படிப்பட்டவரைப் போய் உண்மையை ஏற்காதவர் என்று எழுதுவது எப்படி ஐயா?

அந்த அரைப் பக்கத்தில் இருக்க வேண்டியவை வேறு. போரில் உறவினரைத் தொலைத்தவர்கள் எந்த நாட்டில் இருந்தாலும் அங்குள்ள செஞ்சிலுவை அல்லது செம்பிறைச் சங்கத்தில் தேடல் விண்ணப்பம் கொடுக்கலாம், அதற்குக் காசு கிடையாது என்று ஒரு வரி போட்டிருக்கலாம். காசு கேட்டு வருகிற அழைப்பு மோசடி என்றும் சேர்த்துப் போடுங்கள். "உங்க பையன் இந்தச் சிறையில் இருக்கிறான், இவ்வளவு அனுப்பினால் பேச வைக்கிறேன்" என்று வந்த அழைப்பை நம்பி இருந்ததையெல்லாம் அனுப்பியவர்களை நான் ஒருவர் இருவர் அல்ல, பலரைப் பார்த்திருக்கிறேன். பதற்றத்தில் ஆளின் முழு விவரத்தையும் இணையத்தில் போடுவதும் ஆபத்து, அவர் யாருடைய பிடியில் இருக்கிறாரோ அவர்களும் அதைப் படிப்பார்கள், மோசடிக்காரர்களும் அங்கிருந்துதான் விவரம் எடுக்கிறார்கள். போர் நடந்த இடத்துக்குத் தாங்களே தேடிப் போகிறவர்களுக்குக் கண்ணிவெடி இருக்கிறது என்று யாராவது சொல்ல வேண்டும். மனிதப் புதைகுழி என்று தோன்றும் இடத்தை உறவினர்களே தோண்டினால் கிடைக்க வேண்டிய அடையாளமும் கலைந்துபோகும். அவர் பயன்படுத்திய பல் துலக்கும் பிரஷ், சீப்பு இருந்தால் கழுவாமல் காகித உறையில் எடுத்து வையுங்கள். பல் டாக்டரிடம் எடுத்த எக்ஸ்ரே இருந்தால் தேடி எடுங்கள். அதெல்லாம் இல்லாவிட்டால் சிரித்தபடி எடுத்த போட்டோ, பல் தெரிகிற மாதிரி. பாஸ்போர்ட் போட்டோவைத்தான் எல்லோரும் கொண்டுவருவார்கள், வாய் மூடியிருக்கும்.

அந்த அம்மா நான்காவது தடவை வந்தபோது பள்ளிக்கூடக் குரூப் போட்டோ ஒன்றைக் கொண்டுவந்தார். நாற்பது பையன்கள், நெல்மணி அளவு முகங்கள். எங்களிடம் இருந்த பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தோம். மூன்றாவது வரிசையில் ஒருவன் மட்டும் வாய்விட்டுச் சிரிக்கிறான், அந்த ஏறிய பல் தெரிகிறது. போட்டோவை ஸ்கேன் எடுத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்தேன். ரத்தமும் அன்றைக்குத்தான் கொடுத்தார், இடது கை மோதிர விரலில். அட்டையில் 'உறவு' என்ற இடத்தில் 'தாய்' என்று எழுதும் வரை பக்கத்திலேயே நின்று பார்த்துவிட்டு, "அந்தப் பக்கமும் தேடுவீங்கதானே?" என்று இன்னொரு முறை கேட்டுக்கொண்டார். தேடுவோம் என்றேன். நான் அங்கிருந்து கிளம்பும்வரை அந்தக் கோப்பு திறந்தே இருந்தது.

அடுத்த ஞாயிறு இதழில் அந்த ஒரு வரிக்குத் திருத்தம் போட்டுவிடுங்கள், 'குடும்பத்தினருக்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை' என்று. இன்னொன்று, போர்ச் செய்திகளில் 'இறந்தவர்கள், காணாமல் போனவர்கள்' என்று இரண்டு எண்ணையும் கூட்டி ஒரே எண்ணாகப் போடும் பழக்கம் உங்கள் செய்திப் பிரிவில் இருக்கிறது, அதையும் நிறுத்தச் சொல்லுங்கள். விண்ணப்பத்தில் என்னென்ன கேட்பார்கள், எதை முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டும் என்று ஒரு பெட்டிச் செய்தி போட இடம் இருந்தால், நான் எழுதி அனுப்பத் தயார். என் முகவரியும் தொலைபேசி எண்ணும் உறையின் பின்பக்கத்தில் இருக்கின்றன. அச்சில் மட்டும் பெயர் வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டகால வாசகன்